ஒரே மூச்சில் வாசித்த இரண்டு பெயர்கள்

லினெட் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது மாதா கோயிலில். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடியப் போகும் நேரம் சாமியார் கலியாண ஓலை வாசித்தார். எங்களில் ஒரு கலியாணம் என்றால் அதற்கு முன்னால் மூன்று ஞாயிறு, மாப்பிள்ளை இன்னார் மகன், பெண் இன்னார் மகள் என்று ஊர் காதில் விழும்படி கோயிலில் வாசிப்பார்கள். தடை சொல்கிறவர்கள் சொல்லலாம். அன்றைக்கு, "சூசைநாதன் மகன் சவரிராயனுக்கும், லூர்துநாதன் மகள் லினெட்டுக்கும்" என்று வாசித்தார். சவரிராயன் என் வீட்டுக்காரருடைய அண்ணன் மகன். எனக்கும் மகன் முறைதான். அப்படியானால் அந்தப் பெண் எனக்கு மருமகள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் ஓரகத்தி, மாப்பிள்ளையைப் பெற்றவள், குனிந்து என் காதில் சொன்னாள்: "வாயில நுழையுதா பாரு பேரு. ஞானஸ்நானத்துல கையில ஏந்தின ஞானத்தாய் பிரான்சு பென்ஷன் வாங்கற மதாம். அந்தம்மா வெச்ச பேராம்."

"பேரு கெடக்குது, பொண்ணு எப்படி?"

"அமைதியான பொண்ணுதான். ஒண்ண புடிச்சா மட்டும் விடாதாம்."

அதுதான் அவளைப் பற்றி நான் கேட்ட முதல் சொல். பிறகு எத்தனையோ பேர் அவளைப் பற்றி எத்தனையோ சொன்னார்கள். இவ்வளவு சரியாக யாரும் சொல்லவில்லை.

லூர்துநாதன் வீடு லாஸ்பேட்டையில். அவருக்கு இரண்டே பிள்ளைகள், லினெட்டும் அவள் தம்பி நெல்சனும். தாய் சீக்கிரமே போய்விட்டாள். தம்பிக்குச் சோறு ஊட்டி, தலை வாரி, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டதெல்லாம் லினெட்தான். கலியாணம் ஆகிப் போகும்போது அந்தப் பையன் கார் சக்கரத்துக்கு முன்னால் படுத்துக்கொண்டான். தூக்கி எடுத்த பிறகுதான் கார் கிளம்பியது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் அவர்களுக்குள் நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சவரிராயன் வளைகுடா நாட்டில் லாரி ஓட்டினான். அவனோடு ஒரே அறையில் வடிவேல் என்று ஒருத்தன் இருந்தான், தவளக்குப்பத்துக்கு உள்ளே ஒரு கிராமத்துப் பிள்ளை. அங்கே ஏதோ அடிதடி, ஒரு ஆள் செத்துவிட்டான், வடிவேலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மரண தண்டனை என்று தீர்ப்பாகி, ஒரு நாள் அவனைக் கொன்றுவிட்டார்கள். முன்கூட்டி யாருக்கும் சொல்லவில்லை. லீவில் வந்த சவரிராயன் வடிவேலின் பையைக் கொண்டுவந்தான். உள்ளே இரண்டு லுங்கி, ஷேவிங் செட்டு, அம்மாவுக்கு என்று வாங்கி வைத்திருந்த ஒரு புடவை. தனியாகப் போய்க் கொடுக்க அவனுக்குத் தைரியம் இல்லை. லினெட்டையும் கூட்டிக்கொண்டு போனான்.

வடிவேலின் அம்மா சின்னப்பாப்பா அழவில்லையாம். புடவையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம். "எந்தத் தேதிம்மா? திதி குடுக்கணும்ல."

சவரிராயனுக்குத் தேதி தெரியாது. எங்கே புதைத்தார்கள் என்பதும் தெரியாது. "அந்த மாசந்தாம்மா" என்றிருக்கிறான்.

"மாசத்துக்கு எப்பிடிப்பா திதி குடுக்கறது?"

அங்கிருந்து திரும்பி வந்த லினெட் என் வீட்டில் இறங்கித் தண்ணீர் குடித்தாள். "கொன்ன நாளைக்கூடச் சொல்லல அத்தை" என்றாள். அன்றைக்குப் பிடித்துக்கொண்டது அவளை.

உலகத்தில் எந்த நாட்டிலும் மரண தண்டனை கூடாது என்று சொல்கிறவர்கள் ஐப்பசி பிறக்கும் முன்னால், அக்டோபர் மாதத்தில் ஒரு நாளை வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு ஒவ்வொரு ஊரிலும் தெருவில் நிற்பார்களாம். இதைப் பிரசங்கத்தில் சாமியார் ஒரு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனார். கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்க் கறி சமைத்தார்கள். லினெட் மட்டும் சாமியாரிடம் போய், "நம்ம ஊர்ல எங்க சாமி நிக்கறாங்க?" என்று கேட்டாள். பீச் ரோட்டில் ஒரு வக்கீல், இரண்டு கன்னியாஸ்திரிகள், ரிட்டயர் ஆன ஒரு வாத்தியார், இவர்கள் நின்றார்கள். இவளும் போய் நின்றாள். அப்போதிருந்து வருஷா வருஷம் நின்றாள்.

தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் அவளுக்கு வேலை. கழித்துப் போட்ட அட்டைகளைக் கேட்டு வாங்கி, பின்பக்கம் வெள்ளைத்தாள் ஒட்டி, 'உலகெங்கும் தூக்குத் தண்டனையை நீக்கு' என்று எழுதிப் பிடிப்பாள். காற்று அடித்தால் அட்டை திரும்பிக்கொள்ளும். அந்தப் பக்கம் 'கண்ணாடிப் பொருள், இந்தப் பக்கம் மேலே' என்று அச்சடித்திருக்கும்.

"யம்மா, கண்ணாடி விக்கிறியா?" என்று வாக்கிங் போகிறவர்கள் கேட்பார்கள்.

பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் கிழவர்களை இங்கே சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா தினமும் அங்கே காற்று வாங்க வருவார். "எங்க பிரான்சுல இத எப்பவோ எடுத்துட்டாங்க. நீ இன்னா இப்பப் போய் நின்னுகினு இருக்கிற?" என்றார் ஒரு தடவை.

"அங்க எடுத்துட்டாங்க தாத்தா. இங்க எடுக்கலியே."

"இங்க எடுக்க மாட்டாங்க. வெயில்ல நிக்காத, கறுத்துடுவ."

"இதுக்கு மேல எங்க தாத்தா கறுக்கறது" என்று அவளும் சிரித்துக்கொண்டே நிற்பாள்.

நிற்பது ஒரு நாள். மற்ற நாட்களுக்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். ஏதோ ஒரு நாட்டில் ஒருத்தனைத் தூக்கில் போடப் போகிறார்கள், சுடப் போகிறார்கள் என்று வக்கீல் மூலமாகத் தெரிந்தால், அவன் பெயருக்குக் கோயிலில் பூசைக் கருத்து கொடுப்பாள். செத்தவர்களுக்கு ஆன்ம இளைப்பாற்றி என்று வாசிப்பதைப் போல, உயிரோடு இருப்பவர்களுக்கு நற்சுகம் வேண்டி என்று வாசிப்பார்கள். அதைத்தான் கேட்பாள். பெயரை மட்டும் சொன்னால் போதாது, அவன் அம்மா பெயரையும் சேர்த்து இன்னார் மகன் இன்னார் என்று வாசிக்க வேண்டும் என்பாள். ஜப்பான்காரன், அமெரிக்காக்காரன், ஈரான்காரன், யார் யார் பெயரோ எங்கள் கோயிலில் ஒலித்தது.

கோயிலில் இந்தப் பெயர்களை எழுதி வாசிக்கிற பழைய உபதேசியார் தலையில் அடித்துக்கொள்வார். "லினெட்டு, இந்தப் பேர வாசிச்சன்னா என் பல்லு செட்டு கழண்டு பீடத்துல விழுந்துடும்."

"மெதுவா வாசிங்கய்யா. அவசரமில்ல."

"ஆளு உயிரோட இருக்கானா, பூட்டானா? அத மொதல்ல சொல்லு."

"உயிரோடதான் இருக்கான். நேத்து வரைக்கும்."

அவர் ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுவார். சில சமயம் பூசை நாள் வருவதற்குள் அந்த ஆளைக் கொன்றிருப்பார்கள். அப்போது லினெட் ஓடிப் போய் மாற்றிவிட்டு வருவாள். மாற்றி மாற்றி அவளுக்கும் அலுத்துத்தான் போயிற்று. "ஒருத்தனாவது தப்பிச்சானா?" என்று நான் கேட்பேன். "தெரியலத்தை" என்பாள். தப்பியவர்களைப் பற்றி யாரும் சொல்லி அனுப்புவதில்லை போலிருக்கிறது.

சவரிராயன் கல்லீரல் கெட்டுச் செத்தான். பிள்ளை இல்லை. நெல்சன் வந்து அக்காவைக் கையோடு கூட்டிப் போய், லூர்துநாதன் கட்டிய வீட்டின் மாடியில் குடிவைத்தான். நெல்சனுக்கு ஒரு காலேஜில் லேப் உதவியாளர் வேலை. பெண்டாட்டி ஜூலி. ஒரே பையன், நிலவன். பையன் கீழே சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போய் அத்தையிடம் மறுபடி சாப்பிடுவான். அட்டைகளில் எழுத்துக்குக் கறுப்பு மை தீட்டியதெல்லாம் அவன்தான். கடைசியில் ஒரு கப்பலும் வரைந்து வைப்பான். "தூக்குத் தண்டனைக்கும் கப்பலுக்கும் இன்னாடா?" என்றால், "எடம் காலியா இருந்துது அத்தை" என்பான்.

அந்த நிலவனைத்தான் கொன்றார்கள்.

கொன்றவன் மார்ட்டின். எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவன்தான், ஆனந்தமேரியின் மகன். சின்ன வயதில் நிலவனோடு ஒன்றாகப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியவன். எங்கெங்கோ கடன் வாங்கிச் சூதாடியிருக்கிறான். பைக்கில் ஏற்றிக்கொண்டு போய், சவுக்குத் தோப்பில் நிலவனைக் கொன்று போட்டான். அதற்குப் பிறகு நெல்சனுக்குப் போன் பண்ணி, உன் பிள்ளை உயிரோடு வேண்டுமென்றால் பணம் கொண்டுவா என்றான். நெல்சன் ஊரெல்லாம் கைநீட்டிப் பணம் புரட்டினான். அப்போதே பிள்ளை செத்துக் கிடந்தான். செத்த பிள்ளைக்கு விலை பேசினானே என்பதைத்தான் நெல்சன் திரும்பத் திரும்பச் சொல்வான். அந்தக் குரல் காதிலேயே இருக்கிறது என்பான்.

வழக்கு இழுத்துக்கொண்டு போய், இங்கே கோர்ட்டில் மார்ட்டினுக்குத் தூக்கு என்று தீர்ப்பு வந்தது. தூக்கு என்றால் மெட்ராஸ் ஐகோர்ட்டும் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். இதெல்லாம் நெல்சனுக்குத் தெரியும். ஜூலி எதையும் கேட்டுக்கொள்வதில்லை. அவள் கோர்ட்டுப் பக்கம் போனதும் இல்லை, வீட்டில் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவாள்.

தீர்ப்பு வந்த அன்றைக்கு நானும் அந்த வீட்டில் இருந்தேன். நெல்சன் மாடிப்படியில் நின்றபடி அக்காவைக் கூப்பிட்டான்.

"யக்கா. உன்ன நான் ஒரு நாளும் ஒண்ணும் கேட்டதில்ல. ஒலகத்துல இருக்கற எல்லாரையும் காப்பாத்து. இவன மட்டும் உட்டுடு."

லினெட் மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். தம்பி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவன் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டான். பெற்ற தாய் மாதிரி வளர்த்தவள், இதைக்கூடவா செய்ய மாட்டாள் என்று நினைத்திருப்பான்.

அக்டோபர் வந்தது. அட்டையைத் தூக்கிக்கொண்டு அவள் பீச் ரோட்டுக்குப் போனாள். புதிதாக அட்டை செய்யவில்லை. பழையது, மூலையில் கப்பல் இருந்தது. அங்கே சுண்டல் விற்கிற அஞ்சலாட்சி நேராக வந்து கேட்டுவிட்டாள்.

"ஏம்மா, உங்க ஊட்டுப் புள்ளையக் கொன்னான்ல ஒருத்தன். அவனுக்கும் சேத்தா நிக்கிற?"

"அவனுக்கும் சேத்துதான்."

"உனக்கு வயிறு எரியலியா?"

"எரியுது அஞ்சலாட்சி. ஆனா இத்தினி வருஷமா நான் நின்னனே, அவங்கள்லாம் யாரோட புள்ளையக் கொன்னவங்க? யாரோ ஒருத்தி வயிறு எரிஞ்சிதானே இருக்கும்? அப்ப நின்னுட்டு இப்ப ஊட்ல உக்காந்துக்கறதா?"

அஞ்சலாட்சி ஒரு பொட்டலம் சுண்டலை அவள் கையில் வைத்துவிட்டுப் போனாளாம். இதை லினெட்டே எனக்குச் சொன்னாள். "நிக்கக்கூட முடியலத்தை. தூண்ல சாஞ்சிக்கினேன்" என்றாள்.

நிலவனின் மூன்றாம் வருஷப் பூசை தை மாதம் வந்தது. அதற்குள் எங்கள் பங்கில் பழைய உபதேசியார் கண் தெரியாமல் வீட்டோடு இருந்துவிட்டார். புதிதாக வந்தவர் இளவயதுக்காரர், கடலூர்ப் பக்கம். ஜூலி போய்ப் பிள்ளையின் பூசைக்குச் சொல்லிவிட்டு வந்தாள். சில நாள் கழித்து லினெட்டும் போய், ஆனந்தமேரி மகன் மார்ட்டின் என்று ஒரு பெயரைச் சொன்னாள். மற்றவர்களுக்குக் கேட்டதைப் போலவே அவனுக்கும். யாரும் வராத ஏதாவது ஒரு வாரநாள் விடியற்காலைப் பூசையில் வாசித்தால் போதும் என்றாள். பழையவராக இருந்தால், உயிரோடு இருக்கிறானா போய்விட்டானா என்று கேட்டிருப்பார். இவர் கேட்கவில்லை. கேட்பார் என்றே லினெட் பழகியிருந்ததால் இவளும் சொல்லவில்லை.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். ஒரு வீட்டிலிருந்து இரண்டு மூன்று பேர் தனித்தனியாகப் பெயர் கொடுத்தாலும் உபதேசியார் சேர்த்து ஒரே பூசையில் வைத்துவிடுவார். ஒரு வீட்டுச் செத்தவர்கள் ஒன்றாக இருக்கட்டும் என்று. ஜூலியும் லினெட்டும் ஒரே வீடு. புதியவர் சேர்த்துவிட்டார்.

அன்றைக்குப் பெண்கள் பக்கம் ஜூலியும் நானும் முன் வரிசையில் இருந்தோம். நெல்சன் ஆம்பளைகளோடு வெளியே மரத்தடியில் நின்றான். மகன் போனதிலிருந்து அவன் உள்ளே வருவதில்லை. லினெட் கடைசி பெஞ்சில். பூசை தொடங்கும் முன் உபதேசியார் மைக்கில் வாசித்தார்.

"நெல்சன் மகன் நிலவன், ஆனந்தமேரி மகன் மார்ட்டின், இவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக."

ஒரே மூச்சில் வாசித்தார், அண்ணன் தம்பியை வாசிப்பதைப் போல.

ஜூலி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "பூட்டானா அத்தை?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "அப்படித்தான் வாசிக்கறாங்க" என்றேன்.

"எப்பப் போட்டாங்க? நம்மகிட்ட சொல்லலியே."

பூசை முழுவதும் அவள் என் கையை விடவில்லை. பாட்டுக்கு எழுந்தாள், முழங்காலில் நின்றாள், நற்கருணை வாங்கினாள். முகத்தில் ஒன்றும் இல்லை. வெளியே வந்தபோது நெல்சன் ஓடி வந்தான். லவுட் ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "முடிஞ்சிது ஜூலி. கேட்டியா? முடிஞ்சி போச்சி" என்றான். யாருக்கோ போன் போட்டுக்கொண்டே முன்னால் நடந்தான்.

வழக்கம்போல் கல்லறைக்குப் போனோம். நிலவன் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினோம். ஜூலி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்த்தாள். மெதுவாக வரிசை வரிசையாக நடந்தாள். எதையோ தேடுகிறாள் என்று தெரிந்து நானும் பின்னால் போனேன்.

"இன்னாடி தேடற?"

"புது மண்ணு எங்கயும் காணும் அத்தை. ஆனந்தமேரிகிட்ட பொணத்தக் குடுத்தாங்களா இல்லியா?" என்றாள். "குடுக்காம உட்டுட்டாங்களா?"

அப்போதுதான் லினெட் வந்தாள். கோயிலில் நின்று உபதேசியாரை விசாரித்துவிட்டு, அவரையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அந்த மனிதர் வியர்த்துப் போய் நின்றார். "தப்பு நடந்துபோச்சும்மா. ஒரே ஊடுன்னு நெனச்சிட்டன். அந்தப் பையன் செயில்லதான் இருக்கானாம்" என்றார்.

நெல்சன் போனைக் காதிலிருந்து எடுத்தான். "அவன் பேர யாரு குடுத்தது?"

உபதேசியார் லினெட்டைப் பார்த்தார்.

"நான்தான் குடுத்தன்" என்றாள் லினெட். "செத்தவங்களோட சேக்கச் சொல்லல."

"என் புள்ள பேரோட அவன் பேரா? அவனுக்குப் பூசையா? உட்டுடுன்னு உன்கிட்ட கேட்டன் இல்ல?" அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "மாடியக் காலி பண்ணிடு. நான் ஊட்டுக்கு வரும்போது நீ இருக்கக் கூடாது."

"சரிடா" என்றாள் லினெட்.

ஜூலி யாருடைய கல்லறை மேலேயோ உட்கார்ந்துவிட்டாள். செருப்பைக் கழற்றிக் காலைத் தடவிக்கொண்டாள். பிறகு யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"ஒரு மணி நேரம் அவன் செத்துட்டான்னு இருந்து பாத்தன். இதுக்குத்தானே மூணு வருஷமா தூங்காம கெடந்தோம்னு நெனச்சன். ஏதாவது வரும், வரும்னு பாத்துக்குனே இருந்தன். ஒண்ணும் வரல. பசிச்சிது, அவ்ளோதான்."

"ஜூலி, எந்திரி, போலாம்" என்றான் நெல்சன்.

"போலாம். ஆனா மெட்ராசுக்கு வக்கீல் வெக்கறன்னியே, அதுக்கு என்னக் கூப்புடாத. அம்மா வந்து அழுதா ஜட்ஜி கேப்பாருன்னு சொன்னியாம். நான் வர மாட்டன்." பிறகு லினெட் பக்கம் திரும்பினாள். "அண்ணி, நீயும் என்ன வந்து அட்டை புடின்னு கேட்டுடாத. அவன மன்னிக்கல நான். எனக்கு முடியல, அவ்ளோதான்."

"கேக்க மாட்டன்" என்றாள் லினெட்.

நெல்சன் தனியாகத்தான் மெட்ராசுக்குப் போய் வந்துகொண்டிருந்தான். ஐகோர்ட்டில் மார்ட்டினுக்குத் தூக்கை எடுத்துவிட்டு, ஆயுள் முழுக்க ஜெயில் என்று மாற்றினார்கள். வயதைப் பார்த்து என்றார்கள், வேறு என்னென்னவோ சொன்னார்கள். லினெட் நின்றதாலும் இல்லை, ஜூலி போகாததாலும் இல்லை. நெல்சன் அப்படி நினைக்கவில்லை. வீட்டில் இரண்டு பெண்கள் சேர்ந்து என் பிள்ளையை விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று என்னிடமே சொன்னான்.

சேதி தெரிந்த அன்றைக்கு லினெட்டைப் போய்ப் பார்த்தேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஒருத்தன் தப்பிச்சிட்டான் போலிருக்கே" என்றேன்.

"ஆமாத்தை. தப்பிச்சது தெரிஞ்சது இவன் ஒருத்தன்தான்" என்றாள். பிறகு, "தம்பி சாப்பிடறானா?" என்று கேட்டாள்.

பீச் ரோட்டு வாத்தியார் இறந்துவிட்டார். வக்கீல் மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார். போன அக்டோபரில் லினெட்டும் ஒரு கன்னியாஸ்திரியும் மட்டும் நின்றார்கள். கன்னியாஸ்திரிக்கு நாற்காலி போட்டார்கள். சொல்தா தாத்தா வழக்கம்போல் வந்து, "இன்னும் எடுக்கலியா?" என்று கேட்டாராம். "எடுக்கல தாத்தா" என்றாளாம்.

மாடியை விட்டு இறங்கியபோது அவளுக்குப் போக ஒரு இடம்தான் தோன்றியது. வடிவேலின் அம்மா சின்னப்பாப்பாவுக்கு இப்போது கண்ணும் சரியில்லை, கூட ஆளும் இல்லை. மகனுக்குத் தேதி தெரியாததால் தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் திதி கொடுக்க ஆள் வைக்கிறாள். கடற்கரைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போவது லினெட்தான். நிலவன் பூசைக்கு ஜூலி சொல்லி அனுப்புவாள். லினெட் வந்து கடைசி பெஞ்சில் இருந்துவிட்டு, நெல்சன் கண்ணில் படாமல் பஸ் ஏறிவிடுவாள். ஜூலி கொடுக்கிற குழம்பு டப்பாவை நான் கோயில் வாசலில் வைத்து அவளிடம் கொடுப்பேன். நெல்சனுக்கு அது தெரியும். டப்பா திரும்பி வந்ததா என்று மட்டும் ஜூலியைக் கேட்பானாம்.

லினெட் இப்போது தவளக்குப்பத்துக்கு உள்ளே, சின்னப்பாப்பா வீட்டில் இருக்கிறாள். தட்டாஞ்சாவடிக்கு இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறாள்.